பைபாஸுக்குப் பிறகு படபடக்கும் இதயம்: கேள்வி பதில்

இதய அறுவை தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்த செவிலியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு பைபாஸ் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் திடீரென்று துடிப்பு 140-க்குப் போய்விட்டது. ஆபரேஷனில் ஏதாவது கோளாறா?

பதில்: பொதுவாக அப்படி இல்லை, தம்பி. பைபாஸ் செய்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. வால்வு ஆபரேஷன் என்றால் இன்னும் அதிகம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். கத்தி பட்ட இதயமும் அதன் உறையும் அழற்சியில் இருக்கும், அட்ரினலின் ஏறியிருக்கும், பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்திருக்கலாம். மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள், பொட்டாசியம் பார்க்கத்தான்.

கேள்வி: துடிப்பைச் சீராக்க மின்சார ஷாக் கொடுக்க வேண்டி வரலாம் என்கிறார்களே?

பதில்: பிரஷர் விழுந்தால் உடனே கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் முதலில் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால், அமியோடரோன் மாதிரி மருந்துகள்தான். நினைவோடு இருப்பவருக்கு மயக்கம் கொடுத்துத்தான் ஷாக், பயப்பட வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குத் துடிப்பு சீராகிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மேலறை நடுங்கும்போது இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். துடிப்பு சீரான பிறகும் மேலறை முழு பலத்தோடு சுருங்கச் சில வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆபரேஷன் செய்த இதயத்தைக் காப்பாற்றிவிட்டு மூளையைக் கோட்டை விடக்கூடாது. செக்கப்பில் ஈசிஜி பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

அந்த மாத்திரை வார்ஃபரினோ அசிட்ரோமோ என்றால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு பெரும்பாலும் 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டும், செயற்கை வால்வுக்குக் கணக்கு மாறும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும்; அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடட்டும். மூட்டுவலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், ரத்தக்கசிவு வரும்.

கேள்வி: வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தாறுமாறான துடிப்பில் கணக்கு தப்பும். ஒழுங்கில்லாமல் ஓடினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.