எண்ணம் தூய்மையாக இருந்தால் போதுமா? பௌத்தமும் சமணமும் எங்கே பிரிகின்றன?

"எண்ணம் தூய்மையாக இருந்தால் செயலால் பாவம் ஒட்டாது என்பது பௌத்தம், எண்ணம் எதுவாக இருந்தாலும் ஓர் உயிர் போனால் வினை ஒட்டும் என்பது சமணம் என்று படித்தேன். இவற்றில் எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பாகுபாடே பாதிதான் சரி என்பது என் விடை. இரண்டு மரபுகளும் வாதத்தில் ஒன்றையொன்று மடக்குவதற்காக வரைந்து காட்டிய சித்திரங்களை நாம் அவற்றின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவன். பௌத்தரின் பழைய பாலி நூல்களையும் மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எங்கள் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க இதை எழுதவில்லை. இரு பக்கத்து நூல்களும் சொல்வதை அப்படியே எடுத்து வைக்கிறேன்.

இந்த வாதம் தொடங்குவது நாளந்தாவில், ஒரு மாந்தோப்பில். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான மச்சிம நிகாயத்தின் 56 ஆவது சூத்திரத்தில், மகாவீரரின் இல்லற அடியாரான உபாலி என்ற செல்வர், புத்தரை வாதில் வெல்வதற்காக வருகிறார். மனம், மொழி, மெய் ஆகிய மூன்றில் மெய்யால் செய்யும் தீங்கே பெரிது என்பது அவர் தரப்பு. மனத்தால் செய்வதே பெரிது என்பது புத்தர் தரப்பு. புத்தர் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: "எல்லாக் கட்டுப்பாடுகளையும் காக்கும் ஒரு நிகண்டத் (சமணத்) துறவி நடந்து போகும்போது கண்ணுக்குத் தெரியாத பல சிற்றுயிர்கள் மடிகின்றன. அதற்கு என்ன பயன் என்று உங்கள் ஆசிரியர் சொல்கிறார்?" எண்ணாமல் நிகழ்ந்தது பெருங்குற்றம் ஆகாது என்கிறார் உபாலி. எண்ணிச் செய்தால்? பெருங்குற்றம். அப்படியானால் எண்ணம் என்பதை மூன்றில் எதில் சேர்க்கிறீர்கள்? மனத்தில்தான் என்று ஒப்புக்கொள்ளும்போதே வாதம் முடிந்துவிடுகிறது. உபாலி பௌத்தராகிறார். ஆனால் நிகண்டர்களுக்கு உங்கள் வீடு நெடுங்காலமாகக் கேணியாக இருந்து வந்திருக்கிறது, அவர்களுக்கு உணவளிப்பதை நிறுத்திவிடாதீர்கள் என்று புத்தர் அவரிடம் சொல்வது, வெற்றியை விடவும் என் மனத்தில் தங்கிய பகுதி.

பௌத்தர் எழுதிய இந்தக் கதையிலேயே, எண்ணாமல் நிகழ்வது பெருங்குற்றம் ஆகாது என்று சமண அடியார் வாயாலேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள்.

இதற்குச் சமணர் தரப்பு விடை, சமண ஆகமங்களில் ஒன்றான சூத்திரகிருதாங்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பௌத்தர் வந்து, பிண்ணாக்குக் குவியலை மனிதன் என்று எண்ணி ஈட்டியால் குத்தியவன் கொலைகாரன் என்றும், மனிதனையே பிண்ணாக்கு என்று எண்ணிக் குத்திச் சுட்டால் கொலைப்பழி சேராது என்றும் தம் கொள்கையாகச் சொல்கிறார். எந்தப் பௌத்தரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இது கேலிச் சித்திரம். ஆனால் அதற்குச் சமணத் தரப்பில் பேசும் ஆர்த்ரகர் சொல்லும் மறுமொழி கேலியைத் தாண்டியது. மனிதனைப் பிண்ணாக்கு என்று ஒருவன் எப்படி எண்ண முடியும்? அப்படிச் சொல்வதே பொய் அல்லவா? "எனக்குத் தெரியாது" என்று ஒருவன் சொன்னால், தெரிந்துகொள்ள அவன் என்ன செய்தான் என்று கேட்க வேண்டும் என்பதே ஆர்த்ரகரின் வாதம் என்று நான் படிக்கிறேன். இந்தக் கேள்வியில்தான், மேலே காட்டிய பாகுபாடு உடைகிறது.

சமணத்தின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரம், கவனமின்மையின் வயப்பட்டு உயிரைப் பிரிப்பதே இம்சை என்று இலக்கணம் வகுக்கிறது. உயிர் போயிற்று என்பது மட்டும் போதாது. அசட்டை இருந்ததா என்று பார்க்க வேண்டும். பொன்னூர் மலையோடு சேர்த்து எங்கள் மரபு போற்றும் குந்தகுந்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் கவனமில்லாமல் நடப்பவனுக்கு இம்சை உறுதி என்றும், நெறிப்படி கவனத்தோடு நடப்பவனுக்குத் தீங்கு நிகழ்ந்ததாலேயே வினை ஒட்டும் பந்தம் இல்லை என்றும் தம் நூலான பிரவசனசாரத்தில் சொல்கிறார். காலடியில் ஒன்றும் சாகாமல் போனாலும் பார்க்காமல் நடந்தவன் குற்றவாளி என்பது, எண்ணத்தைப் புறக்கணித்துச் செயலை மட்டும் அளக்கும் கொள்கையிலிருந்து வரக்கூடிய முடிவு இல்லை.

இது எங்களுக்கு வெறும் தத்துவ விசாரணை இல்லை. தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவர்கள். ஏர் ஓட்டினால் மண்புழு சாகும், நீர் பாய்ச்சினால் வளைக்குள் இருப்பவை சாகும். உயிர் போனாலே முழுப்பாவம் என்றால் எங்கள் முன்னோர் ஒரு படி நெல்கூட விளைவித்திருக்க முடியாது. அதனால்தான் இல்லறத்தார்க்கு இம்சையை நான்காகப் பிரித்தார்கள்: கொல்ல வேண்டும் என்றே கொல்வது, வீட்டு வேலைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை அறவே விட வேண்டும்; மற்ற மூன்றையும் இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். என் அம்மா கிணற்று நீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டுவார். வடிகட்டியதும் வேலை முடிந்துவிடாது. துணியைப் பின்புறமாகத் திருப்பி, வடிகட்டிய நீரிலேயே அலசி, அந்த நீரை எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தாரோ அதே கிணற்றில் மெல்ல இறக்கி ஊற்றுவார். வேறு நீரில் விட்டால் அந்த உயிர்கள் பிழைக்காது என்பது காரணம். "நான் அவற்றைக் குடிக்கவில்லை" என்பதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டாவது வேலைதான்.

இனி பௌத்தத்துக்கு வருவோம். "எண்ணத்தையே நான் வினை என்கிறேன்" என்று புத்தர் அங்குத்தர நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் சொன்னது உண்மை. தம்மபத உரையில், கண்ணிழந்த சக்குபாலர் என்ற மூத்த துறவி உலாவிய இடத்தில் பூச்சிகள் மிதிபட்டுக் கிடப்பதைக் கண்ட மற்ற துறவிகள் புகார் சொல்ல, அவர் கொல்ல எண்ணவில்லை, ஆகவே குற்றமில்லை என்று புத்தர் தீர்ப்பளிக்கிறார். இதுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் பௌத்தத் துறவியரின் விதிநூலான விநயத்தில் இதைவிடக் கடினமான ஒரு வழக்கு இருக்கிறது. பிச்சைக்குச் சென்ற துறவி ஒருவர் ஒரு வீட்டில் இருக்கையில் அமர்கிறார். அதன்மேல் கிடந்த துணிக்கு அடியில் ஒரு குழந்தை இருந்திருக்கிறது. குழந்தை இறந்துவிடுகிறது. கலங்கிப்போன துறவி புத்தரிடம் வந்து நிற்கிறார். உமக்குக் கொல்லும் எண்ணம் இல்லை, ஆகவே சங்கத்திலிருந்து நீக்கும் பெருங்குற்றம் இல்லை என்கிறார் புத்தர். அதோடு நிறுத்தாமல், இருக்கையைச் சோதித்துப் பார்க்காமல் இனி எவரும் அமரக்கூடாது, அமர்ந்தால் அதுவே குற்றம் என்று விதி செய்கிறார். குழந்தை இருந்ததா இல்லையா என்பதை அந்த விதி கேட்கவில்லை. பார்த்தாயா என்று மட்டுமே கேட்கிறது. குந்தகுந்தர் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

பௌத்தத் துறவியும் நீர் வடிகட்டி இல்லாமல் பயணம் போகக்கூடாது. அதுவும் இல்லாத நிலையில் மேலாடையின் மூலையையே வடிகட்டியாகக் கொள்ளலாம் என்று விநயம் இடம் தருகிறது. பௌத்தர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் வழக்கம் ஏற்பட்டதே, பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு இவர்கள் அலைகிறார்களே என்று மக்கள் குறை கூறியதால்தான் என்று அந்த நூலே பதிவு செய்கிறது. மிலிந்தர் என்ற அரசருக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி விடை சொல்லும் மிலிந்தர் கேள்விகள் என்ற நூலில், அறிந்து தீமை செய்தவனைவிட அறியாமல் செய்தவனுக்கே தீமை மிகுதி என்கிறார் நாகசேனர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைத் தெரியாமல் பற்றுகிறவன்தானே அதிகம் சுட்டுக்கொள்வான் என்று அதற்கு உவமையும் சொல்கிறார். சக்குபாலர் கதையோடு இதை முழுதாகப் பொருத்த என்னால் இயலவில்லை. ஆனாலும் "தெரியாமல் செய்தேன்" என்ற சொல்லை எளிதில் ஏற்றுக்கொள்ளாத ஒரு குரல் பௌத்தத்துக்குள்ளேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

அப்படியானால் இருவரும் உண்மையில் எங்கே பிரிகிறார்கள்? நமக்காகப் பிறர் செய்யும் தீமையில் நமக்குப் பங்கு உண்டா என்ற இடத்தில். தமக்காகக் கொன்றதைக் காணவில்லை, கேட்கவில்லை, ஐயுறவும் இல்லை என்றால் துறவி ஊன் ஏற்கலாம் என்றார் புத்தர். ஊனையும் மீனையும் முற்றாக விலக்க வேண்டும் என்று அவருடைய சங்கத்துத் துறவி தேவதத்தன் கேட்டபோதும் அவர் இணங்கவில்லை. வைசாலியின் சேனாபதி சீகர் சந்தையில் கிடைத்த ஊனை வாங்கிப் புத்தருக்கு விருந்து வைத்த அன்று, கோதமருக்காக ஒரு பெரிய விலங்கைக் கொன்றார்கள் என்று நிகண்டர்கள் தெருத்தெருவாகக் கூவியதாக விநயம் சொல்கிறது. தமிழிலும் இந்தத் தடம் உண்டு. மணிமேகலையில், கப்பல் உடைந்து நாகர் நாட்டில் கரையேறிய சாதுவன், ஊனுண்ணும் அந்த மக்களின் தலைவனுக்கு அறம் சொல்லும்போது "மூத்துவிளி மா ஒழித்து எவ்வுயிர் மாட்டும் தீத்திறம் ஒழிக" என்கிறான். மூப்பால் தானே இறந்த விலங்கை மட்டும் விலக்குக்கு வெளியே நிறுத்துகிறான். அந்த மக்களின் வாழ்க்கையை அறிந்து சொன்ன, மனிதத்தன்மை மிக்க சமரசம் என்றே அதை மதிக்கிறேன்.

ஆனால் சந்தை என்று வந்துவிட்டால் என் மனம் குறளோடுதான் நிற்கிறது:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.

தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால் விற்பதற்காக ஊன் தருபவரும் இருக்க மாட்டார். எனக்கென்று கொல்லவில்லை என்ற வாதத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் மறுத்ததில்லை என்று நினைக்கிறேன். சமணத் தமிழ் நூலான நீலகேசியின் உரைகாரர் சமய திவாகர வாமன முனிவர் குறளை "எம் ஓத்து" (எங்கள் மறை) என்று உரிமை கொண்டாடுவதில் எனக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் இந்த வாதம் சமணருக்கு மட்டும் சொந்தமானதில்லை. மகாயான பௌத்தத்தின் இலங்காவதார சூத்திரமும், உண்பவர் இல்லையேல் கொல்பவரும் இல்லை என்று இதையே சொல்லி ஊனை முற்றாக மறுக்கிறது. இன்று நாம் வாங்கும் சட்டை எந்த ஆலையில், யாருடைய உழைப்பைச் சுரண்டித் தைக்கப்பட்டது என்ற கேள்விக்கும் காணவில்லை, கேட்கவில்லை என்பது விடையாகாது. அங்கே நாம் காணாமலும் கேளாமலும் இருப்பது பெரும்பாலும் நாமே தேர்ந்துகொண்டது.

எண்ணத்தையே அளவுகோலாகக் கொள்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நல்ல நோக்கம் என்று சொல்லிக்கொண்டு எதையும் செய்யலாம் என்ற இடத்துக்கு அது ஒருவனைக் கொண்டுபோய்விடக்கூடும். மகாயானத்தின் உபாயகௌசல்ய சூத்திரத்தில், கப்பலில் இருந்த 500 வணிகரைக் கொல்லத் திட்டமிட்ட கள்வனை, கப்பல் தலைவனாக இருந்த போதிசத்துவர் (பின்னர் புத்தராகப் போகிறவர்) இரக்கத்தால் கொல்கிறார். ஆனால் அதற்காக நரகம் போக நேர்ந்தாலும் தாமே ஏற்கத் துணிந்துதான் செய்கிறார். தன் செயலுக்குத் தானே மன்னிப்பு வழங்கிக்கொள்ளாத அந்தத் துணிவுதான் கதையின் உயிர். அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை இலங்கையின் பாலி வரலாற்று நூலான மகாவம்சத்தின் 25 ஆவது அதிகாரம் காட்டுகிறது. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு, ஆட்சி இன்பத்துக்காக இல்லை, புத்தர் நெறியை நிலைநாட்டவே இந்தப் போர் என்று அறிவிக்கிறான். பின்னர் இறந்தவர்களை எண்ணி அவன் வருந்தும்போது எட்டு அருகதர்கள் (வீடுபேறு எய்திய பௌத்தத் துறவிகள்) வந்து, இறந்தவர்களில் ஒன்றரை மனிதரே உண்டு, புத்தர், அறம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன், ஐந்து சீலங்களை ஏற்றவன் மற்றொருவன், மற்றவர்கள் விலங்குக்கு ஒப்பானவர்கள் என்று ஆறுதல் சொல்கிறார்கள். தமிழராகப் பிறந்த எவரும் இந்தப் பகுதியை அமைதியாகப் படிக்க முடியாது. ஆயினும் இதைப் பௌத்தத்தின் குரல் என்று சொல்ல நான் உடன்பட மாட்டேன், ஏனென்றால் இதைவிடப் பழைய குரல் வேறொன்றைச் சொல்கிறது.

மற்றொரு பாலித் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் போர்வீரர் தலைவன் ஒருவன், களத்தில் பொருது மடிந்தவன் தேவருலகம் போவான் என்று எங்கள் முன்னோர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று புத்தரிடம் கேட்கிறான். வேண்டாம், இதைக் கேட்காதே என்று இருமுறை மறுத்த புத்தர், மூன்றாம் முறை கேட்டதும், "இவர்கள் கொல்லப்படட்டும், அழியட்டும்" என்ற எண்ணத்தால் அவன் மனம் முன்பே தாழ்ந்துவிட்டது, ஆகவே அவன் போவது நரகம் என்கிறார். எந்த அரசனுக்காக, எந்த நெறிக்காக என்று அவர் கேட்கவே இல்லை. நாளந்தாவில் உபாலியை வென்ற அதே அளவுகோல்தான் இதுவும். அங்கே மனத்தை முதன்மையாக்கியவர், வாளெடுக்கும் கணத்தில் அந்த மனம் பிறர் சாவை விரும்பத்தான் செய்கிறது என்பதை இங்கே மறைக்காமல் சொல்கிறார்.

எண்ணமா செயலா என்று நீங்கள் கேட்டதற்கு, இரண்டு மரபுகளிலும் உள்ள சிறந்தவர்கள் எண்ணம் என்றே சொல்வார்கள். ஆனால் பார்க்காமல் இருந்ததையும், கேட்காமல் விட்டதையும், பிறர் கையால் செய்வித்ததையும் அந்த எண்ணத்தின் கணக்கிலேயே எழுதுவார்கள். எதுவரை எழுதுவது என்பதில் சமணர் கண்டிப்பானவர்கள், பௌத்தர் சற்று இளகியவர்கள். கவனத்தோடு இருந்தும் கைமீறி ஒரு தீங்கு நேர்ந்து, அந்த நினைவால் துன்பப்படுகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவருக்குச் சக்குபாலர் கதையைச் சொல்லுங்கள்.