அறை முதலில், கொட்டகை அப்புறம்

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் இரண்டரை ஏக்கர் தோட்டம் வாங்கியிருக்கிறோம். என் கணவர் அடுத்த வைகாசியில் ஓய்வு பெறுகிறார். பிறகு சென்னையை விட்டு அங்கேயே போய்விட எண்ணம். வீடு பிறகுதான் கட்டுவோம். அதற்கு முன்பே இரண்டு மாடுகளுக்குக் கொட்டகையும், பிள்ளைகள் வந்தால் தங்க ஓர் அறையும் கட்டிவிடலாமா? எதை முதலில் தொடங்குவது?
- வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் அறையை முதலில் கட்டுங்கள். அதைப் பிள்ளைகளுக்கு என்று நினைக்காமல் உங்கள் இருவருக்கும் என்று நினைத்துக் கட்டுங்கள். வீடு எழும்பும்வரை நீங்கள் இருக்கப்போவது அதில்தான்.

நானும் என் கணவரும் 17 வருடங்களுக்கு முன் இதே உடுமலைக்குத் தெற்கே தோட்டம் வாங்கி வந்தவர்கள். நாங்கள் வந்தது சித்திரையில். ஓர் இலை அசையவில்லை. பால் எடுத்துப் போக வசதி என்று, வீட்டுக்கு மேற்கே, பாதை இருந்த பக்கமே மாடு கட்டும் கட்டுத்தரையை அமைத்தோம். வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியது. ஆடியில் சாணி வாடையும் ஈயும் நேரே சமையலறைக்குள் வந்தன. ஒருநாள் ராத்திரி இரண்டு தகரம் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே நிறைமாதச் சினைமாடு. டார்ச் வெளிச்சத்தில் அவளை அவிழ்த்துக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடியதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. இரண்டு வருடம் கழித்து அந்தக் கொட்டகையைப் பிரித்து வேறு பக்கம் கட்டினோம்.

அதனால்தான் சொல்கிறேன், வைகாசி வரை இருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள். 12-க்கு 12 அடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒட்டினாற்போல் கழிவறை, கிழக்கே பார்த்து ஒரு திண்ணை. இது போதும். கழிவுக் குழி போர்வெல்லிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். மாதம் இரண்டு முறை வந்து தங்குங்கள். ஓர் ஆடியும் ஓர் ஐப்பசியும் அங்கே தூங்கி எழுந்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, பாம்பு எந்த வரப்பில் போகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். வீட்டுக்கும் கொட்டகைக்கும் அதன் பிறகு கயிறு பிடியுங்கள்.

கடைக்கால் தோண்டும் முன் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் கட்டட அனுமதி கேளுங்கள். போர்வெல்லுக்கு விவசாய இலவச மின்சாரம் இருந்தாலும் கட்டட வேலைக்கு அதிலிருந்து ஒயர் இழுக்கக் கூடாது. தற்காலிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும்.

சரி, கொட்டகை. உங்கள் பகுதியில் வீட்டுக்குத் தென்கிழக்கில் இருப்பது நல்லது. மேற்கிலிருந்து வரும் மேல்காற்றும், ஐப்பசியில் வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றும் சாணி நாற்றத்தை வீட்டுக்குக் கொண்டுவராது. வடமேற்குதான் மாட்டுக்கு ராசி என்று யாராவது சொல்வார்கள். அங்கே கட்டினால் காற்று கொண்டுவரும் நாற்றத்தோடு வருடத்தில் நாலு மாதம் வாழப்போவது நீங்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போது உள்ளே வெயில் குறைவாக விழும். மேற்குக் கோடியில் மட்டும் முழுச் சுவர் எழுப்புங்கள். மற்ற பக்கங்கள் திறந்திருக்கலாம். வெறும் தகரம் கோடையில் மாட்டை வாட்டிவிடும். ஓடு போடுங்கள், நடு உயரம் 10 அடிக்குக் குறைய வேண்டாம். மாடு ஒன்றுக்கு 40 சதுர அடி நிழல் வேண்டும். கன்றுக்கும் தீவனத்துக்கும் சேர்த்து 12-க்கு 20 அடி உங்களுக்குச் சரியாக இருக்கும்.

தரை போடும் அன்று நீங்களே நில்லுங்கள். கொத்தனார் வீட்டுத் தரை மாதிரி வழவழவென்று பூசிவிடுவார். மாடு வழுக்கி விழுந்து இடுப்பு போனால் அப்புறம் அது எழுவதே சிரமம். சொரசொரப்பாக விட்டு, ஈரத்திலேயே கோடு இழுக்கச் சொல்லுங்கள். 10 அடிக்கு 3 அங்குலம் சரிவு வைத்து, மூத்திரம் வாய்க்கால் வழியாகத் தீவனப் பாத்திக்கே போகும்படி செய்யுங்கள்.

பலர் மறப்பது தீவனத்தை. கறவை மாடு ஒன்று நாளைக்கு 25 கிலோவுக்கு மேல் பசுந்தீவனம் தின்னும். கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணையை (தண்டுத் துண்டை) நட்டால் முதல் அறுப்புக்கு 75, 80 நாள் ஆகும். பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். ஆகவே மாசியிலேயே நட்டுவிடுங்கள். வைக்கோல் போர் மட்டும் அறையை ஒட்டி வேண்டாம். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

கொட்டகை தயாரானதும் உடனே மாடு பிடிக்கத் தோன்றும். ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். வைகாசியில் வந்து, ஒரு மாதம் அங்கேயே இருந்து, பக்கத்துத் தோட்டத்தில் காலையும் மாலையும் போய்ப் பால் கறக்கப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு மாடு, இரண்டாவது ஈற்று (இரண்டாம் முறை கன்று போட்டது), சாதுவானதாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்ததை மறு வருடம் பார்த்துக்கொள்ளலாம்.