என்4 தேறினால் வேலை கிடைக்குமா?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (ஜேஎல்பிடி) ஐந்து நிலைகளில் மிக எளிதான என்5 தேறிவிட்டேன்; உச்ச நிலை என்1. என்4, என்3 என்று பணம் கட்டிக்கொண்டே போனால் வேலை கிடைக்குமா? - வாசகர், ஓசூர்

பதில்: என்5-ஐ நம்பி யாரும் வேலை கொடுப்பதில்லை. இந்த மொழி நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளத்தான் அது. என்4-க்கு உறுதியான பயன் என்றால், 2019-இல் ஜப்பான் கொண்டுவந்த ‘குறிப்பிட்ட திறன்’ விசா. முதியோர் பராமரிப்பு, உணவகம், விவசாயம் போன்ற வேலைகளுக்கு என்4 அல்லது ஜேஎஃப்டி-பேசிக் என்ற அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும், கூடவே தொழில்திறன் தேர்வும் கேட்பார்கள். பொறியியல் படித்த நீங்கள் அந்த வழியில்தான் போகப்போகிறீர்களா என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

இல்லையென்றால் குறி என்2-ஆக இருக்கட்டும். மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் பொறியாளர் வேலை எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. தகுதிகளுக்குப் புள்ளி போட்டுத் தரும் ஜப்பானின் உயர்திறன் விசாவுக்கு வேண்டிய 70 புள்ளிகளில் என்2-க்கு 10, என்1-க்கு 15 உண்டு. என்4-க்கு ஒன்றுமில்லை.

என்3-இல் பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். 180-க்கு 95 எடுத்தால் தேர்ச்சி என்று எண்ணிக்கொள்கிறார்கள். சொல்லும் இலக்கணமும், வாசிப்பு, கேட்டல் என்ற மூன்று பகுதிகளிலும் தனித்தனியே 19 வேண்டும். மொத்தம் 110 எடுத்து, கேட்டலில் 18 வாங்கினாலும் தோல்விதான். ஒலிப்பதிவை ஒரே ஒருமுறைதான் போடுவார்கள்.

இன்னொரு குறை, இந்தத் தேர்வில் பேச்சு கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். சான்றிதழை நீட்டியவர் நேர்காணலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவே திணறுவதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இத்தனைக்கும் பேசுவது நமக்கு எளிது. ‘வாத்தாஷி வா ஓசூர் தே கோஹான் ஓ தாபேமாஷித்தா’ என்பதில் ‘தே’ இருக்கும் இடத்தில் நம் ‘இல்’, ‘ஓ’ இருக்கும் இடத்தில் ‘ஐ’: நான் ஓசூரில் சோற்றைச் சாப்பிட்டேன். சொல் வரிசை அப்படியே நம்முடையது. சீனத்திலிருந்து வந்த ‘காஞ்சி’ எழுத்துகளில்தான் உழைப்பு.

ஜூலை, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கிறது, சென்னையிலேயே எழுதலாம். என்4-க்குப் படிக்கலாம், ஆனால் தேர்வுக் கட்டணத்தை என்3-க்கே கட்டுங்கள். கூடவே தொழிற்சாலைச் சொற்களையும் பழகுங்கள்: ஸுமென் (வரைபடம்), ஃபுர்யோ (பழுதான பொருள்), நோகி (ஒப்படைக்கும் தேதி). தொடக்கநிலைப் பாடப் புத்தகங்களில் இவற்றைப் பார்ப்பது அரிது. நேர்காணலில் எதிரே இருப்பவர் உற்பத்திப் பிரிவு மேலாளர் என்றால், முதல் கேள்வியிலேயே ‘நோகி’ வரக்கூடும்.