குடிலுக்கு அட்டை வீடு: கைவேலை கேள்வி பதில்

டிசம்பர் பொறந்ததுல இருந்து வந்த லெட்டர்ல பாதிக்கு மேல கிறிஸ்துமஸ் குடில் பத்திதான் இருக்கு. அதுலயும் குடிலுக்குப் பின்னாடி வைக்கிற குட்டி அட்டை வீடு எப்படி பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால எம்ப்ராய்டரி கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இந்த தடவை முழுசா வீடு கட்டற வேலைதான்.

அக்கா, போன வருஷம் சார்ட் பேப்பர்ல வீடு பண்ணேன். ரெண்டு நாள்ல சுவர் வளைஞ்சு கூரை உக்காந்துடுச்சு. பேசாம தெர்மாகோல் வாங்கிடவா? அளவும் சேர்த்து சொல்லுங்க.
(வாசகி, நாகர்கோவில்)

தெர்மாகோல் வேண்டாம்மா. அறுக்கறப்போ வீடு பூரா உதிரும், சீக்கிரம் தீ பிடிக்கும், அதுக்குள்ள லைட் வைக்கவே பயமா இருக்கும். சார்ட் பேப்பர் மேல தப்பு இல்ல, அதோட கனம் போதாது, அவ்ளோதான். நம்ம பக்கம் டிசம்பர்னா மழையும் ஈரக்காத்தும், மெல்லிசு பேப்பர் அந்த ஈரத்த இழுத்துக்கிட்டு நெளிஞ்சுடும்.

வீட்ல டெய்லி ஷீட் காலண்டர் மாட்டியிருப்பீங்கல்ல, அதோட அட்டைதான் இதுக்கு ராஜா. போன வருஷத்து அட்டை எங்கயாவது பரண்ல கிடக்கும், தேடிப் பாருங்க. இல்லன்னா அக்கம்பக்கத்துல கேட்டா யாராவது தருவாங்க. அதுவும் கிடைக்கலன்னா ஸ்வீட் பாக்ஸ், புது சட்டைக்குள்ள வர்ற அட்டை, நோட்டோட பின்னட்டை, எது கிடைச்சாலும் ரெண்டு மூணு சேர்த்து ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேல கனமான புக்கு ஏத்தி ராத்திரி பூரா வச்சுடுங்க, நல்லா விறைப்பா வந்துடும்.

அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. முன் சுவரும் பின் சுவரும் 3 இஞ்ச் அகலம். ஓரத்துல 2.5 இஞ்ச் உயரம், நடு உச்சி 4 இஞ்ச். பக்கத்து சுவர் ரெண்டும் 4 இஞ்ச் நீளம், 2.5 இஞ்ச் உயரம். இந்தக் கணக்குல கூரை சரியா 45 டிகிரி சரிவுல நிக்கும். கூரைக்கு 4.5 இஞ்ச்சுக்கு 4.8 இஞ்ச்ல ஒரு துண்டு வெட்டி, 4.8 இஞ்ச் பக்கத்த நடுவுல பாதியா மடிங்க, அப்போ ஒவ்வொரு சரிவும் 2.4 இஞ்ச் வரும், நாலு பக்கமும் கால் இஞ்ச் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த நீட்டல விட்டுடாதீங்க, அது இல்லாத வீடு மொட்டையா தெரியும்.

காலண்டர் அட்டைய மடிக்கப் பாக்காதீங்க, ஓரம் வெடிச்சுடும். நாலு சுவரையும் தனித்தனியா வெட்டி, பக்கத்து சுவர் ரெண்டையும் முன் சுவருக்கும் பின் சுவருக்கும் நடுவுல நிறுத்தி, உள்பக்கமா மூலைக்கு மூலை பேப்பர் பட்டிய எல் மாதிரி மடிச்சு ஒட்டுங்க. கூரையையும் அதே மாதிரி ரெண்டு துண்டா வெட்டி உச்சில பட்டி ஒட்டுங்க. மெல்லிசு அட்டைன்னா ஸ்டீல் ஸ்கேல வச்சு, மை தீந்த பால் பென்னால அழுத்தி ஒரு கோடு போட்டுட்டு மடிங்க, மடிப்பு நேரா விழும். வெட்டும்போது கட்டர ஒரே அழுத்துல இழுக்காம லேசா நாலஞ்சு தடவை ஓட்டணும். ஒரே அழுத்துல வெட்டறப்போதான் ஸ்கேல் நழுவும், விரலும் போகும்.

புகைக்கூண்டு வைக்க ஆசைன்னா, ஒரு சின்ன அட்டைப் பெட்டி பண்ணி அதோட அடில தலைகீழ் வி மாதிரி 90 டிகிரி வெட்டு போடுங்க. கூரை உச்சில கச்சிதமா உக்காரும்.

ஆன்ட்டி, நான் எய்த் படிக்கிறேன். என் வீட்டுக்குள்ள லைட் போட்டா ஜன்னல் அழகா தெரியல, உள்ள இருக்கற பல்பு மட்டும் கண்ண குத்துது. மூலைல எல்லாம் வெளிச்சம் ஒழுகுது. என்ன பண்ணலாம்?
(தூத்துக்குடில இருந்து ஒரு குட்டி வாசகர்)

தம்பி, இந்த தடவை வந்த கேள்வியிலயே முக்கியமான கேள்வி இது. அட்டை வீட்டுல சுவர், பெயின்ட், ஜிகினா எல்லாம் ரெண்டாம்பட்சம். ராத்திரி ஹால் லைட்ட அணைச்ச பிறகு அந்த ஜன்னல் எப்படி தெரியுதுங்கறதுதான் வீடு. உள்ள யாரோ இருக்காங்கன்னு தோணணும். அதனால மொத்த நேரத்துல பாதிய ஜன்னலுக்கே குடுக்கலாம், தப்பே இல்ல.

ஜன்னல் ஓட்டைய சுவர ஒட்டறதுக்கு முன்னாடியே வெட்டிடணும், நின்ன வீட்டுல வெட்டினா சுவர் மடங்கிடும். முக்கால் இஞ்ச் உயரம், அரை இஞ்ச் அகலம் போதும். கல்யாண பத்திரிகை அட்டைல மெல்லிசா குச்சி குச்சியா நறுக்கி வெளிப்பக்கம் சிலுவை மாதிரி ஒட்டினா ஜன்னல் கம்பி ரெடி. உள்பக்கம் மஞ்சள் ஜெலட்டின் பேப்பர் ஒட்டு. எல்லாரும் இதோட நிறுத்திடறாங்க, அதனாலதான் பல்பு புள்ளியா தெரியுது. ஜெலட்டினுக்குப் பின்னாடி இன்னொரு துண்டு பட்டர் பேப்பர் ஒட்டிப் பாரு. வெளிச்சம் அதுல பட்டு பரவி ஜன்னல் பூரா ஒரே மஞ்சளா நிறைஞ்சுடும். அப்பறம் பல்பு ஜன்னல பாத்து இருக்கக் கூடாது, கூரைய பாத்து நிக்கணும். வீட்டோட உள்பக்கம் பூரா வெள்ளை பெயின்ட் அடிச்சுட்டா கூரைல பட்ட வெளிச்சம் திரும்பி எல்லா ஜன்னலுக்கும் போகும்.

ஒழுகற மூலைய இருட்டுலதான் கண்டுபிடிக்க முடியும். ரூம இருட்டாக்கிட்டு லைட்ட உள்ள வச்சு சுத்தி சுத்திப் பாரு, கோடா வெளிச்சம் வர்ற இடத்துல பென்சில்ல குறி வச்சுட்டு உள்ள இருந்து பேப்பர் பட்டி ஒட்டு. சுவரே சிவப்பா மின்னுச்சுன்னா அட்டை மெல்லிசுன்னு அர்த்தம், உள்ள ஒரு லேயர் கருப்பு சார்ட் ஒட்டிட்டு அதுமேல வெள்ளை அடி.

லைட் போறதுக்கு பின் சுவர்ல அடியோரமா அரை இஞ்ச் ஓட்டை போதும். ஆனா ஒண்ணு, பேட்டரில எரியற குட்டி எல்ஈடி சரம் மட்டும்தான் வைக்கணும். கரன்ட்ல நேரா சொருகற பழைய சீரியல் செட், அதுவும் சூடாகற பல்பு வச்சது, அட்டைக்குள்ள போகவே கூடாது. மெழுகுவர்த்தி, அகல் எதுவும் உள்ள கிடையாது. பக்கத்துல வைக்கோலும் பஞ்சும் இருக்கும்ல. தூங்கப் போகும்போது சுவிட்ச ஆஃப் பண்ணணும்.

பென்சில்வேனியால இருக்கற என் பையன் கிறிஸ்துமஸ் மரத்தடில வைக்கிற பழைய அட்டை வீடு ஒண்ண கடையில பாத்துட்டு போட்டோ அனுப்பினான். ஜிகினா தூவி, குட்டி மரம் ஒட்டி, பின்னாடி ஓட்டையோட இருக்கு. அடியில ‘ஜப்பான்’னு முத்திரை. அமெரிக்க கிறிஸ்துமஸுக்கு ஜப்பான் வீடு எப்படி?
(வாசகர், திருச்சி)

ஐயா, உங்க பையன் இருக்கற இடத்துலதான் இந்தக் கதையே தொடங்குது. அந்த மாநிலத்துல பெத்லகேம்னே ஒரு ஊர் இருக்கு. மொரேவியன்னு ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபைக்காரங்க குடியேறின ஊர், 1741 கிறிஸ்துமஸ் ஈவ் அன்னிக்குதான் அந்தப் பேர் வச்சாங்க. அவங்க வீட்ல பாசி, மரக்கட்டை, கல்லு எல்லாம் வச்சு மலையும் காடும் செஞ்சு நடுவுல பாலன் பிறப்ப வைப்பாங்க, அதுக்கு புட்ஸ்னு பேரு. பின்னாடி அந்த ஏரியால மரத்தடில குட்டி கிராமமே வைக்கிற பழக்கம் பரவினப்போ, வீடுகளுக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு.

அட்டை வீடு வந்தது வேற வழி. 1920கள் கடைசில இருந்து ஜப்பான்ல இத பண்ணி கப்பல்ல அனுப்பினாங்க, அமெரிக்கால வூல்வொர்த் மாதிரி அஞ்சு சென்ட் பத்து சென்ட் கடைகள்ல வித்துச்சு. மின்சார பல்பு சரம் வீடுகளுக்கு வர ஆரம்பிச்ச காலம் அது, பின்னாடி இருக்கற ஓட்டை அந்த பல்ப சொருகத்தான். ஜன்னல்ல கலர் செலோபேன், கூரைல ஜிகினா. 1941ல ரெண்டு நாட்டுக்கும் போர் வந்ததும் வரத்து நின்னுச்சு, போர் முடிஞ்சு திரும்ப வந்துச்சு, அப்பறம் பிளாஸ்டிக் வீடு வந்து இத ஓரங்கட்டிடுச்சு. இப்போ பழசு தேடி வாங்கறவங்க அங்க நிறைய பேர்.

அந்த குட்டி மரம் எதுல பண்ணதுன்னு பையன உத்துப் பாக்கச் சொல்லுங்க. பல வீட்டுல அது லூஃபா, அதான் நம்ம ஊர்ல முதுகு தேய்க்கிற பீர்க்கங்கூடு, பச்சை சாயம் ஏத்தி நறுக்கி ஒட்டினது. நம்ம தோட்டத்து வேலில காஞ்சு தொங்கறதே போதும், கத்திரிக்கோலால கூம்பு மாதிரி வெட்டி பச்சை கலர் தண்ணில முக்கி காய வச்சுடலாம். காசு குடுத்து வாங்கற பிளாஸ்டிக் மரத்த விட இது எவ்வளவோ அழகு.

இன்னொரு விஷயம். அதே மொரேவியன் சபைக்காரங்க 1760ல நம்ம தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தாங்க, அப்போ அது டேனிஷ்காரங்க ஊர். ஒரே சபையோட ஆட்கள் அங்க ஒரு பெத்லகேம்லயும் இங்க நம்ம கடற்கரைலயும் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்காங்கன்னு நினைச்சா எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு.

கூரைல பனிக்காக ரவை தூவினேன், மறுநாளே எறும்பு வரிசை. பஞ்சு ஒட்டவா?
(வாசகி, வேளாங்கண்ணி)

பஞ்சு வேண்டாம், சீக்கிரம் பத்திக்கும். ரவை, அரிசி மாவு, சர்க்கரை எதுவும் வேண்டாம். கல்லுமாவு கோலப்பொடி இருக்குல்ல, அரிசி மாவு கலக்காதது, அத வெள்ளை பெயின்ட்லயும் கொஞ்சம் ஃபெவிகால்லயும் தோசை மாவு பதத்துக்குக் குழைச்சு கூரைல தடவுங்க. ஈரம் காயறதுக்கு முன்னாடி மேல ஒரு சிட்டிகை வெள்ளி ஜிகினா. ஓரத்துல கொஞ்சம் தடிப்பா விட்டா பனி வழிஞ்சு நிக்கிற மாதிரியே இருக்கும்.

எங்க குடில் சுரூபம் (சிலை) 6 இஞ்ச். வீடு பக்கத்துல வச்சா மாதா வீட்ட விட பெருசா தெரியறாங்க.
(வாசகி, திண்டுக்கல்)

6 இஞ்ச் சுரூபத்துக்கு ஏத்த கதவு வேணும்னா 7 இஞ்ச் உயரத்துல பண்ணணும், அப்போ வீடு ஒண்ணரை அடி போயிடும். அதுக்கு பதிலா வீட்ட தள்ளி வைங்க. சுரூபம் எல்லாம் முன்னாடி தரையில, பின்னாடி செங்கல்லோ டப்பாவோ அடுக்கி அதுமேல கசக்கின பிரவுன் பேப்பர் போர்த்தி மலை, அந்த மலை மேல வீடு. மேல போகப் போக வீடு சின்னதாகணும். கீழ் வரிசை 4 இஞ்ச் வீடுன்னா நடுவுல 3, உச்சில ரெண்டு இஞ்ச்ல வெறும் ஜன்னல் ஓட்டை மட்டும் போட்ட வீடு. உச்சில இருக்கறதுக்கு கலரும் கொஞ்சம் மங்கலா, நீலம் கலந்து அடிச்சா ரொம்ப தூரத்துல இருக்கற மாதிரி தெரியும். நடுவுல இருக்கற இடத்துல சின்ன தட்டுல கேழ்வரகு விதைச்சு வச்சா கிறிஸ்துமஸுக்குள்ள பச்சை பசேல்னு வந்துடும், இன்னிக்கே விதைங்க.

எல்லாரும் வெளிநாட்டு வீடே பண்றாங்க. எங்க தெரு ஓட்டு வீட்ட குடில்ல வச்சா பொருத்தமா இருக்குமா? மாமியார் வேண்டாம்ங்கறாங்க.
(வாசகி, பாளையங்கோட்டை)

தாராளமா வைங்க. போலந்துல க்ராகோவ்னு ஒரு ஊர், அங்க அட்டையிலயும் மரத்துலயும் பளபளக்கற கலர் ஃபாயில்லயும் குடில் பண்ணுவாங்க, ஷோப்கான்னு பேரு. அவங்க பாலன மாட்டுக்கொட்டில்ல மட்டும் வைக்கல, அவங்க ஊர் மரியன்னை கோயில் கோபுரத்தையே அட்டைல கட்டி அதுக்குள்ள வச்சிருக்காங்க. 1937ல இருந்து போட்டி நடக்குது, டிசம்பர் முதல் வியாழக்கிழமை ஊர் நடு சதுக்கத்துல எல்லாரும் கொண்டுவந்து வைப்பாங்க, 2018ல யுனெஸ்கோவே அந்தக் கலைய பட்டியல்ல சேர்த்துச்சு. நேப்பிள்ஸ்லயும் குடில்னா அவங்க ஊர் தெரு, கறிக்கடை, ரொட்டிக்கடை எல்லாம் இருக்கும். அத்தைகிட்ட இத எடுத்துச் சொல்லுங்க, அவங்க சின்ன வயசுல இருந்த வீடு எப்படி இருந்துச்சுன்னும் கேளுங்க, அத முதல்ல பண்ணிக் குடுங்க.

ஓடு பண்றது ரொம்ப சுலபம். பார்சல் வர்ற நெளி அட்டைப் பெட்டி இருக்கே, அதோட மேல் காகிதத்த லேசா தண்ணி தொட்டு உரிச்சா உள்ள வரி வரியா நெளிவு தெரியும். அரை இஞ்ச் பட்டியா நறுக்கி, கூரையோட கீழ் ஓரத்துல ஆரம்பிச்சு ஒண்ணுமேல ஒண்ணு கொஞ்சம் ஏறற மாதிரி மேல வரைக்கும் ஒட்டிட்டு வாங்க. காவிப்பொடிய ஃபெவிகால் தண்ணில கரைச்சு அடிங்க, அங்கங்க கொஞ்சம் கருப்பு தொட்டு விட்டா மழைல பாசி பிடிச்ச பழைய ஓடேதான். முன்னாடி ஒரு திண்ணை, ரெண்டு தூணுக்கு தென்னை ஈர்க்குச்சி. வாசல்ல ஸ்டார் தொங்க விட மறக்காதீங்க.

பொங்கலுக்கு அப்பறம் எப்படி எடுத்து வைக்கிறது? போன தடவை பூச்சி அரிச்சுடுச்சு.
(வாசகி, கொழும்பு)

மைதா பசை போட்டிருப்பீங்க, அதத்தான் பூச்சி தேடி வரும். இனிமே ஃபெவிகால்ல ஒட்டுங்க. புக் பைண்டிங் பண்றவங்க மைதா பசைல மயில்துத்தம் கலப்பாங்க, பூச்சி அண்டாது, ஆனா அது விஷம், சின்ன பிள்ளைங்க இருக்கற வீட்ல வேண்டவே வேண்டாம். எடுத்து வைக்கும்போது முதல்ல பேட்டரிய கழட்டிடுங்க, உள்ளயே விட்டா ஒழுகி அட்டைய கெடுத்துடும். வீட்ட ஒரு நாள் நிழல்ல காத்தாட வச்சு, உள்ள நியூஸ் பேப்பர் கசக்கி அடைச்சு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால ரெண்டு துண்டு வசம்போட வைங்க. கூரைமேல கூரை அடுக்காதீங்க, ஜிகினா கொட்டிடும். டப்பாவ ஈரச் சுவரோரமா இல்லாம அலமாரி மேல் தட்டுல வச்சுடுங்க.