பச்சைத் தடத்தின் ஓரமாகவே எல்லாம் இருக்கிறது

லண்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை, வயது 24, சனியும் ஞாயிறும் அறைக்குள்ளேயே கழிகின்றன என்று எழுதியிருந்தீர்கள், தம்பி. கண்காட்சி டிக்கெட் 20 பவுனைத் தாண்டுகிறது, ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, எங்கே தொடங்குவது, தெரியாதவன் உள்ளே போனால் யாராவது ஏதாவது நினைப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையோடு, தோளில் பையோடு போகலாம். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

பணம் பற்றிய கவலையும் பாதி தேவையற்றது. 20 பவுன் என்று நீங்கள் பார்த்தது சில மாதங்களுக்கு மட்டும் நடக்கும் சிறப்புக் கண்காட்சிகளுக்கு. இங்குள்ள தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க 2001 டிசம்பரிலிருந்து கட்டணமே கிடையாது. வாசலில் காணிக்கைப் பெட்டி இருக்கும். போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. இலவசம் என்பதால் பணம் மிச்சமாகிறது என்பதைவிட, இருபது நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பணம் கட்டியவருக்கு எல்லாவற்றையும் பார்த்து முடித்தாக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். உங்களுக்கு அது வேண்டாம்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். வந்த வருடம் ஒரு சனிக்கிழமை காலை பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் நுழைந்து, மாலை வரை அறை அறையாக நடந்தேன். அவர்களிடம் இருப்பவை ஏறத்தாழ 80 லட்சம் பொருள்கள். காட்சியில் இருப்பவை நூற்றில் ஒன்று அளவுதான் என்றாலும் அதுவே ஒரு மனிதனின் கால்களுக்கு மிக அதிகம். வெளியே வந்தபோது முழங்கால் வலித்தது, ஒன்றும் நினைவில் இல்லை. 33ஆம் அறையில் உள்ள சோழர் கால நடராசர் மட்டும் மனத்தில் நின்றார். அவர் முன்னால் மட்டும்தான் நான் நின்றிருந்தேன். கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய திருமேனியையே பார்த்துப் பழகியவனுக்கு, இங்கே தூக்கிய திருவடியின் கணுக்கால் வரை தெரிந்தது. அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சோர்ந்துபோய் அடுத்த இரண்டு வருடம் எந்த அருங்காட்சியகத்தின் பக்கமும் நான் போகவில்லை. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு ஓர் ஓவியம் போதும். இந்த ஊருக்கே ஒரு காலத்தில் அப்படித்தான் வாய்த்தது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி, டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரி என்ற ஓவிய அருங்காட்சியகத்தின் ஓவியங்களை வேல்ஸில் ஒரு கல் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வெறும் சுவர்களுக்கு நடுவே பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 முதல் மதிய நேரக் கச்சேரிகளை நடத்தினார். 1942இலிருந்து மாதம் ஒரே ஓர் ஓவியத்தைச் சுரங்கத்திலிருந்து எடுத்து வந்து மாட்டினார்கள். அந்த ஒன்றைப் பார்க்க மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அதே கேலரியில் உங்களுக்கு ஓர் ஓவியத்தைச் சொல்கிறேன். ஃபிளெமிஷ் ஓவியர் யான் வான் எய்க் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதி. மூன்றடி உயரம்கூட இல்லை. ஓர் அறையில் ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்கிறார்கள், காலடியில் ஒரு சிறிய நாய். முதலில் அவ்வளவுதான் தெரியும். நின்று பாருங்கள். மேலே தொங்கும் பித்தளை விளக்கில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிறது, பகல் வெளிச்சத்திலும். சன்னலோரம் சில ஆரஞ்சுப் பழங்கள். இடது மூலையில் கழற்றிப் போட்ட மரக் காலணிகள். பின்சுவரில் உள்ளங்கை அகல வட்டக் கண்ணாடி. அதற்குள் அந்த இருவரின் முதுகும், அவர்களுக்கு எதிரே வாசலில் வந்து நிற்கும் வேறு இருவரும். அதாவது நீங்கள் நிற்கும் இடத்தில் யாரோ நிற்கிறார்கள். கண்ணாடிக்கு மேலே சுவரில் அலங்கார எழுத்தில் ஒரு வரி: யான் வான் எய்க் இங்கே இருந்தார், 1434. ஓவியத்தில் இருப்பவர் இத்தாலியின் லூக்கா நகரத்து வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும், தொழிலுக்காக இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பிரூஜ் நகரில் குடியேறியவர் என்றும் கருதுகிறார்கள். இதை அறிந்த பிறகு அந்த ஆரஞ்சுப் பழங்களை, ஊரை விட்டு வந்தவரின் ஊர் நினைவாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது. எத்தனை வெள்ளிக்கிழமைகள் அதன் முன் நின்றிருக்கிறேன் என்று கணக்கில்லை.

சரி, எப்படிப் போவது? உங்கள் வாசலிலேயே டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஓடுகிறது. வரைபடத்தில் பச்சைக் கோடு. அந்தக் கோட்டை விட்டு விலகாமலே ஒரு வருடத்துக்குப் பார்க்க இருக்கிறது. ஆல்ட்கேட் ஈஸ்ட் ஸ்டேஷனுக்கு ஒட்டினாற்போல் வைட்சாப்பல் கேலரி. உழைக்கும் மக்கள் வாழ்ந்த கிழக்கு லண்டனில் 1901இல் திறந்தார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான ஊரைப் பற்றிய பிக்காசோவின் குவெர்னிக்கா ஓவியம் 1939இல் இங்கே வந்தபோது, பார்க்க வந்தவர்கள் ஸ்பெயினில் போரிட்டவர்களுக்கு அனுப்புவதற்காகக் காலணிகளை விட்டுச் சென்றார்கள். பிளாக்ஃபிரையர்ஸில் இறங்கி ஆற்றைக் கடந்தால் நவீனக் கலைக்கான டேட் மாடர்ன், முன்பு மின் நிலையமாக இருந்த கட்டடம். உங்கள் வயதுக்கு அங்கே ஒரு நல்ல வசதி உண்டு: 16 முதல் 25 வயது வரை டேட் கலெக்டிவ் என்ற திட்டத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டால் சிறப்புக் கண்காட்சிக்கு 5 பவுன்தான். பிறந்தநாள் வருவதற்குள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

டெம்பிளில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் சர் ஜான் சோன் வாழ்ந்த வீடு. கட்டடக் கலைஞரான அவர், தாம் விட்டுச்செல்லும் நிலையிலேயே வீட்டை வைத்திருக்க வேண்டும் என்று 1833இல் நாடாளுமன்றத்தில் சட்டமே இயற்றச் செய்தார். இன்றும் இலவசம். சிறிய ஓவிய அறை ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். எப்படி அடங்கும் என்கிறீர்களா? சுவரே கதவுகளாகத் திறக்கிறது. பணியாளர் ஒருவர் வந்து கைப்பிடியைப் பற்றி மெதுவாக இழுப்பார், படங்களோடு சுவர் விலகும், உள்ளே இன்னொரு சுவர், அதிலும் படங்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஹோகார்த் ஒரே கதையாக வரைந்த எட்டு ஓவியங்கள் இந்த அறையில்தான் இருக்கின்றன. தகப்பன் சொத்தைத் தொலைக்கும் இளைஞனின் கதை. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்.

சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து சுரங்கப் பாதையில் நடந்தே, மழையில் நனையாமல், விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போய்விடலாம். வெள்ளிக்கிழமை இரவு பத்து வரை திறந்திருக்கும். கோடையில் அதே ஸ்டேஷனில் இறங்கி ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு நடங்கள். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை புரோம்ஸ் (Proms) என்னும் மேற்கத்திய செவ்வியல் இசை விழா. 1895இல் தொடங்கியது. நின்று கேட்கும் டிக்கெட்டை அன்றன்றைக்கு 10 பவுனுக்கும் குறைவாக விற்கிறார்கள், மேடைக்கு நேர் எதிரே. நம் கச்சேரியில் பிடித்த இடத்தில் தலையாட்டுவோம், கை தட்டுவோம். இங்கே ஒரு படைப்பின் பகுதிகளுக்கு இடையே பெரும்பாலும் அமைதி காப்பார்கள். எப்போது தட்டுவது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தட்டட்டும் என்று காத்திருங்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடக்கும் குளோப் அரங்கிலும் இதேபோல் சுமார் 700 பேர் திறந்த முற்றத்தில் நின்று பார்க்கலாம். குடை விரிக்க விட மாட்டார்கள், மழைச்சட்டை எடுத்துப் போங்கள்.

வெஸ்ட் கென்சிங்டனில் பாரதிய வித்யா பவனின் லண்டன் மையம் இருக்கிறது. கர்நாடக இசை, பரதநாட்டியம், தமிழ் எல்லாம் சொல்லித் தருகிறார்கள், கச்சேரிகளும் நடக்கின்றன. அங்கே கட்டாயம் போங்கள். ஆனால் அங்கு மட்டும் போகாதீர்கள். நம்மவர் நிகழ்ச்சிகளோடு நின்றுவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. இருபது வருடம் ஆகியும் டிரஃபால்கர் சதுக்கத்தைப் பஸ்ஸிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

சிறப்புக் கண்காட்சிக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை பணம் கொடுங்கள், பிடித்ததற்கு மட்டும். 25ஐத் தாண்டிய பிறகு ஆர்ட் ஃபண்ட் அமைப்பின் நேஷனல் ஆர்ட் பாஸ் வாங்கினால் பெரிய கண்காட்சிகள் பலவற்றுக்குப் பாதிக் கட்டணம்தான்.

இந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எம்பேங்மென்டில் இறங்குங்கள். நேஷனல் கேலரி சில நிமிட நடை, இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஆர்னோல்ஃபினி எந்த அறையில் என்று வாசலில் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்கள். கண்ணாடிக்குள் தெரியும் அந்த இருவரில் ஒருவர் நீல உடையில் இருப்பார், இன்னொருவர் சிவப்பில். கண்டுபிடித்ததும் எனக்கு எழுதுங்கள்.