காவிரிப் பங்கீட்டில் அறிவியல் ஆய்வு எங்கே நுழைகிறது?

முதலில், காவிரிப் படுகையில் ஓராண்டில் கிடைக்கும் மொத்த நீராகக் கொள்ளப்படும் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்ற எண்ணிலேயே. மாநிலங்களுக்கு நீரைப் பங்கிட்ட காவிரி நடுவர் மன்றம் 2007-இல் இதை 50 சதவீத நம்பகத்தன்மையில் எடுத்துக்கொண்டது. அதாவது, சராசரியாக இரண்டு ஆண்டுகளில் ஒன்றில் இந்த அளவு வராது. சண்டை வருவதும் அந்த ஆண்டுகளில்தான். எனவே பற்றாக்குறைக் காலப் பகிர்வுக்குத் தெளிவான சூத்திரம் வேண்டும். அணைகளின் நீர்வரத்தையும் மழையளவையும் எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் அளந்தால்தான் அது வேலை செய்யும்.

அடுத்தது நிலத்தடி நீர். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்தது. அந்த 10-உடன் பெங்களூரு குடிநீருக்கான 4.75-ஐயும் கூட்டி, 14.75 டி.எம்.சி.யைக் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தது; அதனால் மாநில எல்லையில் உள்ள அளவீட்டு இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது. டெல்டாவில் ஆறும் வாய்க்காலும் வயலும்தான் நிலத்தடியை நிரப்புகின்றன. ஆகவே ஒரே நீரை இருமுறை எண்ணும் ஆபத்து உண்டு. இதைப் பிரித்தறிய, கண்காணிப்புக் கிணறுகளின் மட்டத்தை மேட்டூர் திறப்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும்; ஐசோடோப்பு சோதனை (நீரில் உள்ள அணு வகைகளின் விகிதத்தைப் பார்ப்பது), கிணற்றில் இருப்பது மழைநீரா ஆற்றுநீரா என்று காட்ட உதவும். கடலோரத்தில் உவர்ப்பையும் அளக்காமல் 'இருப்பு' என்று எழுதினால், அது காகிதத்தில் மட்டும் இருக்கும் நீர்.