மாதவிடாய் நிற்கும் வயதில் மனச்சோர்வு: ஈஸ்ட்ரோஜன் கைகொடுக்குமா?

கேள்வி: வயது 47. ஓராண்டாக மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது. இரவில் வியர்த்துக் கொட்டி விழிப்பு வந்துவிடுகிறது. காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லை. மூன்று வாரமாக எசிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து 10 மி.கி. சாப்பிடுகிறேன். அதை விட்டுவிட்டு ஹார்மோனுக்கு மாறலாமா?

பதில்: விட வேண்டாம். எசிட்டலோபிராம் பலன் தருகிறதா என்று சொல்ல 4 முதல் 6 வாரம் ஆகும். அந்த வியர்வையையும் அது ஓரளவு குறைக்கும். ஹார்மோன் வேண்டுமானால் அதோடு சேர்த்துக்கொள்ளும் மருந்து. முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்துவிடுங்கள். இந்த வயதில் எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அந்த அளவு வாரத்துக்கு வாரம் மாறும்.

மனச்சோர்வுக்கென்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தரவில்லை. ஆனால் உங்களைப் போல மாதவிடாய் தடுமாறும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அது உதவுவதற்குச் சான்று உண்டு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 50 பெண்களுக்கு 12 வாரம் தோலில் ஒட்டும் பட்டை கொடுத்தார்கள். நாளுக்கு 100 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) பெற்றவர்களில் 68 சதவீதத்தினருக்குச் சோர்வு நீங்கியது. மருந்தில்லாத வெற்றுப் பட்டை ஒட்டியவர்களில் 20 சதவீதம். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்களிடம் செய்த ஆய்வில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹார்மோன் ஏறி இறங்குவதுதான் மனதை அலைக்கழிக்கிறது என்று நினைக்க இது இடம் தருகிறது.

மாத்திரையைவிடத் தோல்வழி மருந்தையே கேளுங்கள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. 0.06 சதவீத ஜெல் என்றால் 2.5 கிராமில் 1.5 மி.கி. எஸ்ட்ராடியால் இருக்கும். கையிலோ தொடையிலோ ஈரமில்லாத தோலில் பரவலாகத் தடவி, 5 நிமிடம் காயவிட்டு, பிறகு உடுத்துங்கள். மார்பில் தடவக் கூடாது. தடவிய இடம் குழந்தைகள் மேல் படக் கூடாது.

கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. கருப்பையின் உட்சவ்வு தடித்து, புற்றுநோய் வரை போகலாம். மாதத்தில் 12 நாளாவது இரவில் உட்சவ்வைக் காக்கும் இன்னொரு ஹார்மோனான மைக்ரோனைஸ்டு (நுண்துகளாக்கிய) புரொஜெஸ்டிரோன் 200 மி.கி. சேர வேண்டும். தூக்கம் வரும், அதனால்தான் இரவில். சிலருக்கு அந்த நாள்களில் மனம் மறுபடி சரியும். நாமாக நிறுத்திவிடும் தவறு இங்கேதான் அதிகம் நடக்கிறது. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ எடுக்கும் வழியையோ மாற்றித் தருவார்.

மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்கட்டி, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். வலிப்புக்கும் இருதுருவ மனநோய்க்கும் தரப்படும் லாமோட்ரிஜின் சாப்பிடுவோர் அதையும் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். இந்த ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் ஹார்மோனுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அழையுங்கள். மற்றபடி, 12 வாரத்தில் மனநிலையில் தெளிவான மாற்றம் இல்லையென்றால் மனச்சோர்வுக்காக ஜெல்லைத் தொடர்வதில் பயனில்லை.